டான்சர் கேரக்டருக்கு பேக்ஸ்டோரி எழுத பிளேயர்ஸ் ஹேண்ட்புக் போதுமா? எண்டர்டெய்னர் பக்கத்துக்கு மட்டும் ஒரு ரிவ்யூ

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டி ஒவ்வொருத்தரும் ஒரு பாத்திரமா நடிச்சு விளையாடுற கேம்) விளையாடுறவங்க கிட்ட போய் நான் ஒரு டான்சர் கேரக்டர் பண்ணப்போறேன்னு சொல்லிப்பாருங்க, உடனே வர்ற பதில் எண்டர்டெய்னர் பேக்ரவுண்ட் (பாத்திரத்தோட பழைய பிழைப்பு) எடு, பார்ட் கிளாஸ் (பாட்டு, ஆட்டம் வழியா மந்திரம் போடுற ஆளு வகை) போடு, முடிஞ்சதுங்கறதுதான். கேரக்டர் விவரம் எழுதுற ஷீட் முடிஞ்சிரும், அது உண்மைதான். ஆனா ஆளு வரமாட்டா. அதனால இந்த கேமோட விதி புக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோட ரெண்டு பதிப்பையும், அதாவது 2014ல வந்த அஞ்சாவது எடிஷன் புக், அப்புறம் 2024 செப்டம்பர்ல வந்த புது புக், பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே ஒரு கேள்விக்காக மட்டும் படிச்சுட்டு இத எழுதுறேன்: ஒரு ஆட்டக்காரிக்கு பழைய வாழ்க்கை எழுத உக்காந்தா இந்த புக் எவ்வளவு தூரம் கூட வருது. காம்பாட் பேலன்ஸ், எந்த ஸ்பெல் வேஸ்ட், எந்த கிளாஸ் டாப் இதெல்லாம் இங்க வராது, அதுக்கு ஏற்கனவே கொட்டிக்கிடக்கு.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். பேக்ஸ்டோரி எழுத பழைய புக் நல்லாருக்கு, டேபிள்ல உக்காந்து விளையாட புது புக் நல்லாருக்கு, ரெண்டுமே டான்சர்னு எழுதிட்டு பாதி நேரம் பாட்டுக்காரிய மனசுல வச்சுட்டு இருக்கு.

பழைய புக்ல இருந்து ஆரம்பிப்போம். எண்டர்டெய்னர் பக்கத்துல என்ன வித்தை காட்டுறவங்கன்னு தேர்ந்தெடுக்க பத்து முக டைஸுக்கு ஒரு டேபிள் இருக்கு. நடிகர், டான்சர், நெருப்பு விழுங்குறவர், கோமாளி, பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவர், வாத்தியக்காரர், கவிஞர், பாடகர், கதைசொல்லி, குட்டிக்கரணம் போடுறவர்னு மொத்தம் பத்து, டான்சருக்கு ரெண்டாம் நம்பர். ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஆனா ரொம்ப உபயோகம், ஏன்னா வெறும் டான்சர்ங்கறத விட டான்சர் கூட நெருப்பு விழுங்குறதுன்னு சேத்தா ஒரு ஆளு, டான்சர் கூட கவிஞர்னு சேத்தா முழுக்க வேற ஒரு ஆளு. முதல் ஆளு தெருவுல வளந்திருப்பா, ரெண்டாவது ஆளுக்கு யாரோ எழுதப்படிக்க சொல்லிக்குடுத்திருக்காங்க. யாரு? ஏன்? பாருங்க, அதுக்குள்ளயே ரெண்டு கேள்வி வந்துருச்சு.

ஸ்கில் ரெண்டு: அக்ரோபேட்டிக்ஸ், பெர்ஃபார்மன்ஸ். டான்சருக்கு இத விட பொருத்தமா கேக்கவே முடியாது. டூல்ஸ்ல மாறுவேஷ கிட் ஒண்ணு, ஏதாவது ஒரு வாத்தியம் ஒண்ணு. கையில குடுக்குற சாமான்ல ஒரு வாத்தியம், ஒரு காஸ்ட்யூம், ரசிகர் யாரோ குடுத்த ஒரு பொருள் (காதல் கடிதமோ, ஒரு கொத்து முடியோ, சின்னதா ஒரு நினைவுப் பொருளோ), அப்புறம் 15 தங்கக் காசு வச்ச பை. இந்த ரசிகர் பொருள் இருக்கு பாருங்க, இந்த மொத்த பக்கத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி இதுதான். முக்கால்வாசி பேர் இத ஷீட்ல எழுதிட்டு மறந்துடுறாங்க. கத்தி எத்தன, கயிறு எத்தன அடின்னு கணக்கு வைக்கிறவங்க கூட அந்த லெட்டர் யாரு எழுதினதுன்னு கேக்கறதில்ல.

அடுத்து ஃபீச்சர், அதாவது பேக்ரவுண்டோட வர்ற தனிச் சலுகை, பை பாப்புலர் டிமாண்ட்னு பேரு. எந்த ஊர் போனாலும் ஆட ஒரு இடம் கிடைக்கும், சத்திரமோ சாராயக்கடையோ சர்க்கஸோ நாடகக் கொட்டகையோ பெரிய மனுஷன் அரண்மனையோ, தினம் ராத்திரி ஆடுற வரைக்கும் சாப்பாடும் தங்க இடமும் இலவசம், அதுவும் சுமாரான தரத்துல இருந்து வசதியான தரம் வரைக்கும். கூடவே நீங்க ஆடின ஊர்ல ஜனங்க உங்கள அடையாளம் கண்டுபிடிச்சா பொதுவா உங்க மேல ஒரு பிரியமா இருப்பாங்க. நிறைய பேர் இத ரூம் வாடகை மிச்சம்னு மட்டும் பாக்குறாங்க. எனக்கு இதுல கண்ணுல பட்டது தினம் ராத்திரிங்கற கண்டிஷன். காலு வீங்கியிருந்தாலும் ஆடணும், டன்ஜன்ல இருந்து ரத்தம் சொட்ட வந்தாலும் ஆடணும், இல்லன்னா சோறு கிடையாது. இது ஃபீச்சர் இல்லங்க, இது ஒரு வேலை. அந்த வேலைய எத்தன வருஷம் பாத்தா ஒருத்தி பொட்டிய கட்டிட்டு அட்வென்சருக்கு கிளம்புவாங்கற கேள்வி பேக்ஸ்டோரிக்கு நேரா கொண்டு போய் விடுது.

இனி குணம், கொள்கை, பந்தம், குறைன்னு நாலு டேபிள். இங்கதான் புக் டான்சர மறந்துடுது. பந்தம் டேபிள்ல ஆறு வரி, அதுல ரெண்டு வரி வாத்தியத்த பத்தி: ஒண்ணு என் வாத்தியம்தான் என் பொக்கிஷம், அது எனக்குப் பிடிச்ச ஒருத்தர ஞாபகப்படுத்துதுன்னு, இன்னொண்ணு என் வாத்தியத்த எவனோ திருடிட்டான் ஒருநாள் திரும்ப எடுப்பேன்னு. மிச்ச நாலுல புகழ் வேணும், பழைய கதைல வர்ற ஒரு வீரர மாதிரி ஆகணும், எதிரிய ஜெயிக்கணும், என் பழைய ட்ரூப் ஆளுங்களுக்காக எதையும் செய்வேன். ஆக ஆறுல ரெண்டு டைஸ் எண்ணு டான்சருக்கு செல்லாது. வாத்தியத்த சலங்கைன்னு மாத்திக்கலாம், நான் பாத்த வரைக்கும் எல்லாரும் அதத்தான் பண்றாங்க, வேலை செய்யுது, ஆனா அது ஒட்டுப்போட்ட மாதிரிதான். ஒரு வாத்தியம் திருடுபோனா வாத்தியக்காரன் கை ஒடஞ்ச மாதிரி, சலங்கை திருடுபோனா டான்சர் வேற சலங்கை கட்டிட்டு ஆடிட்டு போயிடுவா. அவகிட்ட இருந்து நெஜமாவே எதையாவது திருடணும்னா அவ ஆட்டத்தத் திருடணும், அவ கோத்த அசைவ இன்னொருத்தி தன் பேர்ல அரங்கேத்தணும். இந்த ஒரு வரிய டேபிள்ல போட்டிருந்தா நான் இன்னும் ஒரு ஸ்டார் குடுத்திருப்பேன்.

குறை டேபிள் இதுக்கு நேர் எதிர், தங்கம். ஒரு அவமானத்தால ஊருக்கே திரும்பிப் போக முடியாது, ஒரு பெரிய மனுஷன கிண்டல் பண்ணிட்டேன் அவன் இன்னும் என் தலைய தேடுறான், அழகான முகத்தப் பாத்தா விழுந்துடுவேன், புகழுக்காக என்ன வேணா பண்ணுவேன், வாய அடக்க முடியாது, கூட இருக்கறவங்க என்ன நம்ப முடியாது. ஆறுமே டான்சருக்கு ஒரு வார்த்தை மாத்தாம பொருந்தும்.

இப்ப இந்த பக்கத்த எப்படி யூஸ் பண்றதுன்னு ஒரு ஆளையே கட்டிக் காட்டுறேன், இல்லன்னா வெறும் டேபிள் லிஸ்ட் வாசிச்ச மாதிரி ஆயிடும். பேரு சிரா. வித்தை: டான்சர் மட்டும். குறை: ஊருக்குத் திரும்ப முடியாத அவமானம். பந்தம்: பழைய ட்ரூப்புக்காக எதையும் செய்வேன். ரசிகர் பொருள்: கையெழுத்து இல்லாத ஒரு லெட்டர்.

சிரா ஊர் ஊரா போற ஒரு ட்ரூப்ல மூணாவது வரிசைல ஆடுறவ. முன்னாடி ஆடுறவளுக்கு ஏதாவது ஆனா அந்த இடத்துல நிக்கறதுக்காக எல்லா அசைவும் கத்து வச்சிருக்கா, ஆனா அந்த நாள் வரவே இல்ல. ஒரு பிரபு வீட்டு விருந்துல அந்த நாள் வருது. அவங்க ஆடுற ஆட்டத்துல கடைசி சுத்து முடிஞ்சு எப்பவும் வீட்டுக்கு உடையவரப் பாத்துதான் நிக்கணும், அது வழக்கம். ஆட்டத்துக்கு முன்னாடி அவ ரூம்ல ஒரு லெட்டர் கிடக்கு, உன் ஆட்டத்த பல ஊர்ல பாத்திருக்கேன், எனக்காக ஒரே ஒரு தடவ கடைசி சுத்த இடதுபக்கம் இருக்கற காலி நாற்காலியப் பாத்து முடின்னு. மூணாவது வரிசைல ஆடுற தன்ன ஒருத்தர் கவனிச்சிருக்காருங்கற சந்தோஷத்துல அவ அப்படியே பண்ணிடறா. அந்த நாற்காலி பிரபுவோட காணாம போன அண்ணனுக்கு உரியது. ஹால்ல இருக்கற அத்தன பேருக்கும் அந்த ஒரு திரும்பலுக்கு அர்த்தம் புரிஞ்சிருச்சு, நீதான் உன் அண்ணன கொன்னன்னு ஊர் முன்னாடி சொன்ன மாதிரி. புரியாத ஒரே ஆளு சிரா. அன்னைக்கு ராத்திரியே ட்ரூப்போட வண்டிங்கள சோதனை போடுறாங்க, பாதி பேர பிடிச்சுட்டு போறாங்க, பாதி பேர் எங்க போனாங்கன்னு தெரியல.

அவ்வளவுதான் பேக்ஸ்டோரி. இதுல புக் குடுக்காத சாமான்னு பாத்தா அந்தக் காலி நாற்காலியும் அதப் பாத்து நிக்கற கடைசி சுத்தும் மட்டும்தான். இப்ப ஷீட்ட திரும்பப் பாருங்க, மாறுவேஷ கிட் எதுக்குன்னு புரியும், அது இனி அலங்காரம் இல்ல, அவ உயிர். அதே சமயம் அவளுக்கு சோறு போடுறது தினம் ராத்திரி மேடை ஏறுறதுதான், மேடை ஏறினா ஆளுங்க அடையாளம் கண்டுபிடிப்பாங்கன்னு அந்த ஃபீச்சரே சொல்லுது. மறைஞ்சிருக்கணும், ஆனா ஆடாம சாப்பிட முடியாது. ஃபீச்சரும் குறையும் ஒண்ண ஒண்ணு கடிச்சுக்குது, டிஎம் (கேம நடத்துறவர்) தனியா எதுவும் யோசிக்கவே வேணாம், ஒவ்வொரு சத்திரமும் ஒரு சீன் ஆயிடும். இதோட ஒரு உடம்பு விஷயத்தையும் சேத்து வச்சேன்: சின்ன வயசுல வலது கணுக்கால்ல அடி, அதனால எல்லாரும் வலப்பக்கம் சுத்துற இடத்துல இவ இடப்பக்கம் சுத்துவா. மூஞ்சிய எப்படி வேணா மாத்திக்கலாம், சுத்துறத மாத்த முடியாது. ஒரு தடவ ஆட்டத்தப் பாத்தவனுக்கு அது போதும்.

பழைய புக் கிட்ட எனக்கு இருக்கற பெரிய மரியாதை இதுதான், அது குடுக்குற சாமான எல்லாத்தையும் நேரா அடுக்காம ஒண்ணோட ஒண்ணு மோத விட்டா கதை தானா வருது. ஆனா அந்தக் கணுக்கால், அந்தக் கடைசி சுத்து, அது ரெண்டையும் பத்தி புக்ல ஒரு துப்பும் இல்ல. ஆட்டம்னா என்னன்னு இந்த பக்கம் எங்கயும் கேக்கல. யாரு சொல்லிக்குடுத்தாங்க, எந்தத் தரைல ஆடிப் பழகினா, மண்ணா மரமா கல்லா, அந்த ஆட்டம் எதுக்கு, மழைக்கா சாமிக்கா சாவுக்கா சும்மா காசுக்கா, யாரு பாக்கக் கூடாதுன்னு ஒரு ஆட்டம் இருக்கா, எந்த அசைவு வயசானப்புறம் வராது, இந்த மாதிரி ஒரு பத்து கேள்வி டான்சருக்குன்னு தனியா போட்டிருக்கலாம். கிளாடியேட்டர்னு ஒரு மாற்று வடிவம் இதே பேக்ரவுண்டுக்கு குடுத்திருக்காங்க, மேடைக்கு பதிலா சண்டை அரங்கம்னு. அதுக்கு இடம் இருந்தப்ப இதுக்கும் இருந்திருக்கும்.

சரி 2024 புக். படம் அருமை, லேஅவுட் அருமை, தேட ஈஸி. எண்டர்டெய்னர் பக்கம் பேக்ஸ்டோரிக்கு சுருங்கிப்போச்சு. சின்ன வயசுல திருவிழா, கார்னிவல் பின்னாடி சுத்தி, வாத்தியக்காரங்களுக்கும் கழைக்கூத்தாடிங்களுக்கும் எடுபிடி வேலை பாத்து அதுக்கு பதிலா வித்தை கத்துக்கிட்டீங்கன்னு ஒரு பாரா. கயித்து மேல நடக்க கத்திருக்கலாம், லூட் வாசிக்க கத்திருக்கலாம், கவிதை சொல்ல கத்திருக்கலாம்னு உதாரணம் வருது, டான்ஸ்னு அந்த பாராவுல ஒரு வார்த்தை கூட இல்ல. டான்சருக்குன்னு ஒரு முழு சப்கிளாஸ் (கிளாஸுக்குள்ள ஒரு கிளை) வச்சிருக்கற அதே புக்ல!

அத விட கடுப்பு ஃபீட், அதாவது கூடுதலா கிடைக்கற தனித் திறமை. எண்டர்டெய்னர் எடுத்தா மியூசிஷியன் ஃபீட்தான் வரும், சாய்ஸ் கிடையாது. மூணு வாத்தியம் வாசிக்கத் தெரியும், ரெஸ்ட் முடியறப்ப ஒரு பாட்டு வாசிச்சு கூட்டாளிங்களுக்கு ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் (ஒரு டைஸ திரும்ப உருட்டிக்கற வாய்ப்பு) குடுக்கலாம். நல்ல ஃபீட்தான், பார்ட்டிக்கு நல்ல உபயோகம், குறை சொல்லல. ஆனா பேக்ரவுண்டே வேற ஒரு வாத்தியம் சொல்லிக்குடுக்குது, மேல பார்ட் கிளாஸ் போட்டா அது ஒரு மூணு வாத்தியம் தருது, கூட்டிப் பாத்தா ஏழு வாத்தியம். ஏழு வாத்தியம் தெரிஞ்ச டான்சர், ஆட எப்ப நேரம் கிடைச்சுதுன்னு தெரியல. டிஎம் ஒத்துக்கிட்டா பாட்டுக்கு பதிலா நிதானமா ஒரு ஆட்டம்னு மாத்திக்கலாம், விதி ஒண்ணும் ஒடஞ்சுடாது.

நல்லது என்னன்னா சாமான் லிஸ்ட். ரெண்டு காஸ்ட்யூம், ஒரு கண்ணாடி, வாசனைத் திரவியம், பயணத் துணி, வாத்தியம், 11 தங்கக் காசு, இல்லன்னா இது எதுவும் வேணாம்னு 50 தங்கக் காசு. பலர் 50 எடுத்துடுவாங்க, எடுக்காதீங்க. ரெண்டு காஸ்ட்யூம்ங்கறது சும்மா இல்ல. ஒண்ணு அவளோடது, இன்னொண்ணு யாரோடது? வேற அளவா இருந்தா? கண்ணாடி ஆட்டக்காரிக்கு குருவுக்கு சமம், தனியா பழகுறவளுக்கு அது மட்டும்தான் தப்ப காட்டும். ரசிகர் குடுத்த பொருள தூக்கிட்டாங்கங்கறதுதான் வருத்தம். எபிலிட்டி ஸ்கோர் ஏத்த ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), கரிஸ்மா (வசீகரம்) மூணு குடுத்திருக்காங்க, ஸ்ட்ரெங்த் பாத்து எனக்கு சந்தோஷம், ஒருத்தர தூக்கி சுத்தி இறக்குறவங்களும் டான்சர்தானே, ஒல்லியா மெல்லமா இருந்தாதான் டான்சர்னு ஒரு நெனப்பு இருக்குல்ல அத இது உடைக்குது.

பேக்ரவுண்டுக்குன்னு தனியா இருந்த குணம், பந்தம், குறை டேபிள் எல்லாம் புது புக்ல இல்ல. அதுக்கு பதிலா எபிலிட்டி ஸ்கோர் அதிகமா கம்மியாங்கறத வச்சும் அலைன்மென்ட் (நல்லது கெட்டதுல ஆளு எந்தப் பக்கம்ங்கறது) வச்சும் குணத்துக்கு பொதுவா சில வார்த்தைங்க இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு வேகமா முடியும். ஆனா துறுதுறுன்னு இருப்பா, தைரியசாலிங்கற மாதிரி வார்த்தைல இருந்து சிரா வரமாட்டா. அவ வந்தது ஊருக்குத் திரும்ப முடியாதுங்கற வரில இருந்து.

இப்ப நல்ல பக்கம், காலேஜ் ஆஃப் டான்ஸ். புது புக்ல பார்டுக்கு குடுத்த நாலு சப்கிளாஸ்ல ஒண்ணு, மூணாவது லெவல்ல எடுக்கலாம். கவசம் போடாம கேடயம் பிடிக்காம இருந்தா ஆர்மர் கிளாஸ் (அடி படாம தப்பிக்கிற அளவு) பத்து கூட டெக்ஸ்டெரிட்டி கூட கரிஸ்மா, ஆட்டம் சம்பந்தப்பட்ட பெர்ஃபார்மன்ஸ் செக்குக்கு அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி பெருச எடுத்துக்கறது), பார்டிக் இன்ஸ்பிரேஷன் (கூட்டாளிக்கு பார்ட் குடுக்குற கூடுதல் டைஸ்) செலவு பண்ணுறப்ப கூடவே ஒரு வெறுங்கை அடி. அதாவது தோழனுக்கு தைரியம் குடுத்துக்கிட்டே பக்கத்துல இருக்கறவன ஒரு உதை விடலாம், படிக்கும்போதே சிரிப்பு வந்துச்சு. ஆறாவது லெவல்ல ரெண்டு வருது: இனிஷியேட்டிவ் (சண்டைல யாரு முதல்லங்கறதுக்கான டைஸ்) போடுறப்ப இன்ஸ்பிரேஷன் டைஸ் ஒண்ண செலவு பண்ணி தனக்கும் சுத்தி இருக்கறவங்களுக்கும் ஏத்தி விடலாம், எதிரி பக்கத்துல வந்து டர்ன முடிச்சா ரியாக்ஷன்ல (தன் டர்ன் இல்லாதப்ப எடுக்கற செயல்) தானும் நகந்து ஒரு கூட்டாளியையும் நகத்தலாம்.

இத ஏன் பேக்ஸ்டோரி ரிவ்யூல சொல்றேன்னா, இந்த விதி ஒவ்வொண்ணும் பழைய வாழ்க்கைய பத்தி ஒரு கேள்வி. கவசம் போட்டா இவ வித்தை போயிடும், அப்ப கவசம் போட்டவங்க நடுவுல வளந்தவளா, சாகப்போற ஒருத்தர் இந்தாம்மா இத போட்டுக்கோன்னு குடுத்தத வேணாம்னு சொன்னவளா? கூட இருக்கறவங்கள நகத்துற வித்தை தனியா ஆடுறவளுக்கு எப்படி வரும், அது வரிசைல ஆடினவளுக்குத்தான் வரும், பக்கத்துல இருக்கறவ கால் எங்க வரும்னு பாக்காமலே தெரிஞ்சவளுக்கு. சிராவ நான் மூணாவது வரிசைல வச்சதுக்கு காரணமே இந்த ஆறாவது லெவல்தான். ஸ்டார் டான்சரா வச்சிருந்தா அந்த ஃபீச்சர் வர்றப்ப பொருந்தியிருக்காது. முன்னாடி என்ன வரப்போகுதுன்னு பாத்துட்டு பின்னாடி கதைய எழுதுங்க, லெவல் ஏறுறப்ப புதுசா ஏதோ கத்துக்கிட்டாங்கற மாதிரி இல்லாம மறந்துபோனத உடம்பு ஞாபகம் வச்சிருக்கற மாதிரி வரும்.

ரெண்டு புக்கையும் கலக்கலாமான்னு கேப்பீங்க. கலக்கலாம். 2024 புக்லயே பழைய புக்ல இருக்கற பேக்ரவுண்டுங்கள கொண்டு வர வழி சொல்லியிருக்காங்க, ஸ்கோர் ஏத்தம் இல்லன்னா ஏத்திக்கலாம், ஃபீட் இல்லன்னா ஒரிஜின் ஃபீட் (ஆரம்பத்துலயே கிடைக்கற ஃபீட் வகை) ஒண்ண இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம். எண்டர்டெய்னர் புதுசுலயும் இருக்கறதால புதுச மட்டும்தான் ஒத்துப்பேன்னு சொல்ற டிஎம் இருப்பாங்க, முன்கூட்டியே கேட்டுக்கோங்க. ஒத்துக்கிட்டா பழைய பக்கத்தோட அலர்ட் ஃபீட் எடுங்க, இனிஷியேட்டிவும் ஏறும், கூட்டாளியோட வரிசைய மாத்திக்கவும் முடியும், ட்ரூப்ல ஆடினவளுக்கு ஏழு வாத்தியத்த விட இது ஆயிரம் மடங்கு மேல்.

2017ல வந்த ஸனதார்ஸ் கைட் டூ எவ்ரிதிங் புக்லயும் இதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு, திஸ் இஸ் யுவர் லைஃப்னு. அம்மா அப்பா, பொறந்த இடம், கூடப் பொறந்தவங்க, அப்புறம் வயசுக்கு ஏத்த மாதிரி வாழ்க்கைச் சம்பவங்கள் எல்லாம் டைஸ்லயே போடலாம். இருபது வயசோ அதுக்குக் கீழயோ இருந்தா ஒரே ஒரு சம்பவம், முப்பது வரைக்கும் நாலு முக டைஸ், நாப்பது வரைக்கும் ஆறு முக டைஸ்னு ஏறிக்கிட்டே போகும். ஏன் எண்டர்டெய்னர் ஆனீங்கங்கறதுக்கும் ஆறு காரணம் இருக்கு, குடும்பத் தொழில், வீட்ட விட்டு ஓடிப்போய் ட்ரூப்ல சேந்தது, தெருமுனைல ஆடிக் காசு சேத்தது இந்த மாதிரி. தனியா இத நம்பி உக்காந்தா ஆபத்து, டைஸ் விட்டா அனாதை, காதல் தோல்வி, கொலைப்பழி எல்லாம் ஒரே ஆள் தலைல விழும், அழுகாச்சி சீரியல் ஆயிடும். நான் இத எதுக்கு யூஸ் பண்ணுவேன்னா கூட இருக்கற துணைப் பாத்திரங்களுக்கு, சிராவோட ட்ரூப்ல இருந்து காணாம போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சம்பவம் போட்டு டிஎம் கிட்ட குடுத்துடலாம், அவங்க எப்ப வேணா கொண்டு வரட்டும். அப்புறம் வயசான டான்சர் ஒருத்திய பண்றவங்களுக்கு இந்த டேபிள் ரொம்ப நல்லாருக்கும், நாப்பத்தஞ்சு வயசுல எட்டு முக டைஸ் உருட்டுறது ஒரு தனி சுகம். எல்லாரும் பத்தொம்பது வயசு ஆட்டக்காரியத்தான் பண்றாங்க, முட்டி வலிக்கிற ஒருத்தி அந்தப் பார்ட்டிக்கு வந்தா எவ்வளவு நல்லாருக்கும்.

டி அண்ட் டி மாதிரியே இன்னொரு கேமான பாத்ஃபைண்டர் செகண்ட் எடிஷனையும் ஒரு வார்த்தை சொல்லணும், இல்லன்னா நியாயம் இல்ல. அதுலயும் எண்டர்டெய்னர் பேக்ரவுண்ட் இருக்கு, அந்த விளக்கத்துல டான்சர்னு நேராவே வருது. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கில், தியேட்டர் லோர் (நாடக அறிவு), ஃபேசினேட்டிங் பெர்ஃபார்மன்ஸ் ஃபீட். பேக்ஸ்டோரி டேபிள் எல்லாம் அந்த பக்கத்துல கிடையாது, ரெண்டு வரிதான். ஆனா விதில ஆட்டத்துக்கு தனி மரியாதை: ஆட்டம்னா அது கண்ணுல படுற விஷயம், நகர்வு, பாட்டுன்னா காதுல விழுற விஷயம், மொழின்னு தனித்தனியா பிரிச்சிருக்காங்க. அதனால கண்ணு தெரியாதவன் முன்னாடி ஆட்டம் எடுபடாது, மொழி புரியாதவன் முன்னாடி எடுபடும். பாஷை தெரியாத நாட்டுக்கு ஒருத்தி ஏன் ஆட்டத்த மட்டும் நம்பிப் போனாங்கறதுக்கு இந்த விதியே ஒரு கதை. ஸ்வாஷ்பக்லர் கிளாஸ்ல பேட்டில்டான்சர்னு ஒரு ஸ்டைலும் இருக்கு, சண்டைக்கு நடுவுல ஆடிக்காட்டி அதுல இருந்தே வேகம் எடுக்குறது. பார்ட் வேணாம், மந்திரம் வேணாம், டான்சர் மட்டும் வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு அது இன்னும் சரியா இருக்கும்.

புக்ல எங்கயும் இல்லாத, ஆனா உக்காந்து விளையாடுற டேபிள்ல எப்பவும் வர்ற ஒரு விஷயம். டான்சர்னு சொன்ன உடனே மயக்குறவ, கண்ணடிக்கிறவ, காவலாளிய பேசி கவுக்கறவன்னு ஒரு அச்சுல எல்லாரும் கொண்டு போய் நிறுத்திடுவாங்க, சில டேபிள்ல அது எல்லை மீறியும் போகும். ரசிகர் பொருள், அழகான முகத்துக்கு விழுறதுன்னு புக் குடுக்குற சாமானும் அந்தப் பக்கமே கொஞ்சம் தள்ளும். செஷன் ஜீரோலயே (கேம் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடிப் பேசறது) இந்த கேரக்டருக்கு அந்த மாதிரி சீன் வேணுமா வேணாமான்னு நேரா பேசிடுங்க. சிராவுக்கு வந்த லெட்டர நான் காதல் லெட்டரா வைக்காம ஒரு பொறியா வச்சதும் பாதி இதுக்காகத்தான்.

எவ்வளவு நீளம் எழுதணும்னா ஒரு பக்கத்துக்கு மேல போனா டிஎம் படிக்க மாட்டாங்க, படிச்சேன்னு சொல்லுவாங்க. மேல இருக்கற சிரா கதைய நான் டிஎம்முக்கு அனுப்பினா மூணு கேள்வியாத்தான் அனுப்புவேன்: லெட்டர் எழுதினது அண்ணனா, அண்ணன கொன்னவனோட எதிரியா? பிடிபட்ட பாதி ட்ரூப் உயிரோட இருக்கா? முன்னாடி ஆடுறவளுக்கு அன்னைக்கு காலு சுளுக்கினது தற்செயலா? மூணுக்கும் பதில் எனக்கே தெரியாது, தெரியக்கூடாது.

கடைசியா வாங்குறத பத்தி. இலவசமா கிடைக்கற எஸ்ஆர்டி (டி அண்ட் டி விதிகளோட சுருக்கத் தொகுப்பு) போதுமேன்னு நெனைக்காதீங்க, இந்த விஷயத்துக்கு போதாது. பழைய புக்குக்கான 5.1ல பேக்ரவுண்ட்னு அகோலைட் ஒண்ணுதான் இருக்கு, புது புக்குக்கான 5.2ல அகோலைட், கிரிமினல், சேஜ், சோல்ஜர் நாலு, எண்டர்டெய்னர் ரெண்டுலயும் கிடையாது, பார்ட் சப்கிளாஸும் காலேஜ் ஆஃப் லோர் மட்டும்தான். பாத்ஃபைண்டர் விதிங்க ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்துல முழுசா இலவசம், அங்க எண்டர்டெய்னர், பேட்டில்டான்சர் ரெண்டையும் படிச்சுப் பாத்துடலாம். காசு போட்டு ஒண்ணுதான் வாங்க முடியும்னா, உங்க குரூப் எந்த பதிப்பு விளையாடுதோ அத வாங்குங்க. பழசு விளையாடுற குரூப்னா எண்டர்டெய்னர் பக்கமே போதும், ஸனதார் அவசரம் இல்ல. புதுசுனா காலேஜ் ஆஃப் டான்ஸுக்காக புது புக்க வாங்கிட்டு, பழைய புக் வச்சிருக்கற யார்கிட்டயாவது கேட்டு அந்த குறை டேபிளையும் பை பாப்புலர் டிமாண்ட் பாராவையும் மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி ஷீட்டுக்குப் பின்னாடி சொருகிக்கோங்க. பேக்ஸ்டோரி கணக்குல பழசுக்கு அஞ்சுக்கு நாலு, புது எண்டர்டெய்னர் பக்கத்துக்கு ரெண்டரை, காலேஜ் ஆஃப் டான்ஸுக்கு தனியா நாலரை.